பேரச் சொல்லிக் கூப்பிட்டவரு

உருட்டிக்கிட்டே வாங்க சார், ஏறி உக்காராதீங்க. காத்து சுத்தமா எறங்கிருச்சு, இதுல நீங்களும் உக்காந்தா டியூப்பு பொட்டலமாயிரும். அந்த வேப்பமரத்தடியில ஸ்டாண்டு போடுங்க. ஆணியாத்தான் இருக்கும். என்னைய அப்பிடிப் பாக்காதீங்க, நான் போடல. பஞ்சர் கடைக்கு முன்னாடி பஞ்சர் ஆனா எல்லாப் பயலும் மொதல்ல கடைக்காரன் மூஞ்சியத்தான் பாக்குறான். ஆணி விக்கிற வெலைக்கு அத ரோட்ல போடுற அளவுக்கு எனக்கு வசதி கெடையாது.

யாரு வீட்டுக்குன்னு கேட்டீங்க? தனுக்கோடி வீடா. மேலத்தெரு, கோயில் தாண்டி பச்சைக் கேட்டு. அங்க விசேசத்துக்கு பாண்டு வாசிக்கிறவனக் கூட கேளுங்க, சொல்லுவான்.

இல்ல சார், வேற ஒண்ணுமில்ல, சிரிப்பு வந்துருச்சு. நடுரோட்டுல நின்னுக்கிட்டு, ஹெல்மெட்டக் கூட கழட்டாம, 'தனுக்கோடி வீடு எது'ன்னு பட்டுன்னு கேட்டீங்க பாருங்க. நான் மீசை மொளைக்கிற வயசுல இருந்தப்ப எங்காளுக எவனாச்சும் மேலத்தெருக்காரர் பேர இப்பிடிச் சொல்லிக் கேட்டிருந்தா வீடு எதுன்னு காட்டிருக்க மாட்டாங்க. ஆஸ்பத்திரி எதுன்னு காட்டிருப்பாங்க.

பேரு சொல்லக் கூடாது சார். அவ்ளோதான் சட்டம். பெரியவீட்டய்யா, கெணத்துவீட்டய்யா, மாடிவீட்டய்யா. வீட்டுக்குத்தான் பேரு, ஆளுக்குக் கெடையாது. இந்த ஓடைக்கரைப்பட்டியில அந்தப் பேருகள நடுத்தெருவுல நின்னு வாய் நெறைய கூப்பிட்டது ஒரே ஒரு ஆளு. எங்கப்பா. போஸ்ட்மேன் இருளப்பன். அதுக்கு முன்னாடி பட்டாளம்.

அந்த ஸ்டூல்ல உக்காருங்க, ஒரு கால் ஆடும், நீங்க ஆடாதீங்க. டயரக் கழட்டணும், நேரமாகும்.

பட்டாளத்துல எங்கப்பாவுக்கு பாலம் போடுற வேலை. எழுபத்தொண்ணு சண்டையில இருந்தவரு. இவங்க பாலம் போடுவாங்களாம், அவன் குண்டு போடுவானாம், இவங்க மறுபடியும் போடுவாங்களாம். அங்க கூட இருந்த ஒரு சர்தார்ஜி பேரத்தான் எனக்கு வச்சாரு. பல்தேவ். சிரிங்க சார், பரவால்ல, எங்கம்மாவே சிரிச்சுச்சாம். காலனியில பொறந்த பயலுக்கு பல்தேவ்னு பேரு வச்சா ஊரு என்ன செய்யும்? பல்லுன்னு கூப்பிட்டுச்சு. நான் படிச்சது அஞ்சாப்பு. அதுக்கு மேல வாத்தியாருக்குத் தாங்கல.

பட்டாளத்துலேர்ந்து வந்து தபால் ஆபீசுல சேந்தாரு. அதே காக்கி, அதே பூட்ஸு. துப்பாக்கிக்குப் பதிலா பை, அவ்ளோதான் வித்தியாசம். காலையில பூட்ஸுக்குப் பாலீஸு போடுவாரு பாருங்க, எங்கம்மா அதுல மொகம் பாத்துப் பொட்டு வச்சுக்கும்.

அவரு தபால் குடுக்குற மொறை இருக்கே. மத்த போஸ்ட்மேன் என்ன செய்வான், மணியடிப்பான், தபாலத் தூக்கி வாசல்ல எறிவான், போயிருவான். எங்கப்பா அப்பிடியில்ல. தெரு நடுவுல சைக்கிள ஸ்டாண்டு போடுவாரு. கவர எடுப்பாரு. குதிகால் ரெண்டையும் சேத்து நிப்பாரு. கவர்ல எழுதியிருக்க பேர, இனிசியல் உட்பட, பரேடுல கூப்பிடுற மாதிரி கூப்பிடுவாரு. கூரையில உக்காந்திருக்க காக்கா எந்திரிச்சிரும். ஆளு வெளிய வந்து 'நாந்தேன்'னு சொல்லணும். அப்பத்தான் குடுப்பாரு.

எங்க காலனியிலயும் அதே கூப்பாடுதான். எங்க தெருவுல ஒரு பொம்பள, காத்தாயின்னு பேரு, சாணி அள்ளப் போகும். அது மகன் பம்பாய்லேர்ந்து கார்டு போட்டான். எங்கப்பா தெருவுல நின்னு, 'திருமதி கா. காத்தாயி'ங்குறாரு. அந்தம்மா உள்ள ஓடி ஒளிஞ்சிருச்சு. போலீஸு வந்திருக்குன்னு நெனச்சிருச்சு. பொறந்ததுலேர்ந்து 'ஏய்'னு கூப்பிட்டுத்தான் பழக்கம், திருமதின்னா அது யாருன்னு அதுக்கே தெரியல. அப்புறம் என்னாச்சுன்னா, தபால் வரலைன்னாலும் எங்கப்பா வர்ற நேரத்துக்கு வாசல்ல வந்து நிக்கும். மத்தவங்க பேர கூப்பிடுறதக் கேக்க.

ஏம்ப்பா இப்பிடித் தொண்டையக் கிழிக்கிறன்னு நான் ஒருக்கா கேட்டேன். அதுக்கு அவரு, 'பாலத்துல குண்டு விழுந்த அன்னைக்கு சாயங்காலம் ஆபீசரு வரிசையா பேரு கூப்பிட்டாருடா பல்தேவ். பதிலே வராத பேரு எத்தனை தெரியுமா. பேரு கூப்பிட்டு, ஒரு ஆளு வெளிய வந்து நாந்தேன்னு சொல்றது லேசுப்பட்ட விசயமில்ல'ன்னாரு. பட்டாளத்துக்காரங்க இப்பிடித்தான் சார், ஒண்ணு கேட்டா ஒண்ணு சொல்லுவாங்க.

விசயம் என்னன்னா அவருக்குக் காது கேக்காது. அதான் அந்தச் சத்தம். குண்டு வெடிச்சதுல போயிருச்சு. அவரு சொல்லல, நானாத்தான் கண்டுபிடிச்சேன். எங்கம்மா அரிசி இல்லைன்னு கத்தும், மனுசன் செவுத்தப் பாத்துக்கிட்டு இருப்பாரு. நான் படத்துக்குப் போகணும்னு கேப்பேன், அசைய மாட்டாரு. செவிடு இல்லாம வேற என்ன?

இந்தா, பாருங்க சார், ரெண்டு ஓட்டை. தண்ணியில முக்குறேன், குமிழி வருது பாத்தீங்களா. இந்தத் தொழிலே எங்கப்பா சைக்கிள்ல கத்துக்கிட்டதுதான். அவரு தண்ணியில முக்க மாட்டாரு. டியூப்ப காதுகிட்ட வச்சு மெதுவா சுத்துவாரு, ஸ்ஸ்னு எங்க சத்தம் வருதோ அங்க வெரல வைப்பாரு. எனக்கு இன்னைக்கு வரைக்கும் அது வரல, தண்ணி வேணும்.

எங்க விட்டேன். ஆ, பேரு.

பெரியவீட்டய்யாவுக்குப் பேரு அழகுமலை. இப்ப தைரியமா சொல்றேன், அவரு செத்து ரொம்ப நாளாச்சு. எங்கப்பா வேலைக்குச் சேந்த மொத நாளு மேலத்தெருவுக்குப் போயி, குதிகாலச் சேத்து நின்னு, 'ப. அழகுமலை'ங்குறாரு. தெரு அப்பிடியே நின்னுபோச்சாம். அந்தாளு பொண்டாட்டியே வாழ்நாள்ல சொல்லாத பேரு. உள்ளேர்ந்து வேலைக்காரன் ஓடியாந்து, 'ஏப்பா, அய்யா தபால்னு சொல்லக் கூடாதா'ங்குறான். எங்கப்பா கவரக் காட்டி, 'எழுதுனவரு இப்பிடித்தான் எழுதியிருக்காரு'ன்னாராம்.

கெழவரு ஒண்ணும் சொல்லல. சொல்லலைன்னா பிடிச்சுச்சுன்னு இல்ல. அவருக்குக் கோர்ட்டு கேசு ஏகப்பட்டது. தபால் ஒழுங்கா கைக்கு வரணும். பழைய போஸ்ட்மேன் எல்லாத்தையும் மாட்டுத்தொழுவத்துல போட்டுட்டுப் போயி ஒரு கேசே தோத்திருக்காரு. அதனால மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டே வெளிய வருவாரு, கையெழுத்துப் போடுவாரு, உள்ள போயிருவாரு. வருசக்கணக்கா அப்பிடியே ஓடுச்சு.

வெனை எங்கேர்ந்து வந்துச்சுன்னா, அவரு மகன் ராசாங்கம். மதுரையில காலேஜுல இருந்தான். பரீச்சை அவன தூக்கி எறிஞ்சிருச்சு, ஊருக்கு வந்துட்டான். சும்மா இருக்குற ஆம்பளைக்கு மொதல்ல வர்றது மானம் சார். வேலை கெடைக்கிறதுக்கு முன்னாடி அது வந்துரும். வந்த வாரமே எங்கப்பா தெருவுல நின்னு அவங்கப்பா பேரக் கூப்பிடுறதக் கேட்டுட்டான். 'காலனிக்காரன் எங்கப்பா பேர ஏலம் போடுறான், நீங்கள்லாம் வேடிக்கை பாக்குறீங்க'ன்னு வேப்பமரத்தடியில பயலுகளச் சேத்துக்கிட்டு ஒரே குதி.

ஒரு வேலை செஞ்சான் பாருங்க. மெனக்கெட்டு மதுரைக்குப் போயி ஒரு கவர் போட்டான். கவர்ல பேரே எழுதல. 'பெரியவீட்டு அய்யா அவர்கள்'னு எழுதிப் போட்டுட்டு வந்துட்டான். எழுதுனதத்தான கூப்பிடுவ, கூப்பிடு பாப்போம்னு. பயலுகளையெல்லாம் வரச்சொல்லி தெருவுல உக்காத்தி வச்சிருக்கான்.

எங்கப்பா வந்தாரு. ஸ்டாண்டு போட்டாரு. கவரப் பாத்தாரு. குதிகாலச் சேத்தாரு. 'பெரியவீட்டு அய்யா அவர்கள், மேலத்தெரு, ஓடைக்கரைப்பட்டி அஞ்சல்'ன்னு ஆரம்பிச்சு, தாலுகா, மாவட்டம், பின்கோடு வரைக்கும் ஒண்ணு விடாம அதே சத்தத்துல வாசிச்சிட்டாரு. கெணத்தடியில தண்ணியெறைச்ச பொம்பளைக வாயப் பொத்திக்கிட்டு ஓடுதுக. ராசாங்கத்துக் கூட உக்காந்திருந்தவனுகளே சிரிச்சிட்டானுக. எங்கப்பா சிரிக்கல. கவர நீட்டிக்கிட்டு, 'இங்க யாரு பெரியவீட்டு அய்யா அவர்கள்?'னு கேக்குறாரு. பத்து வருசமா தபால் குடுக்குற வீடு. கேட்டா, ஆளு சொல்லணும்ல, நாந்தேன்னு. எவன் சொல்லுவான்?

எனக்கு மட்டும் சிரிப்பு வரல சார். ஊர்ல அடி வாங்குனவன் கூட மறந்துருவான். சிரிப்பு வாங்குனவன் மறக்க மாட்டான்.

மறுநாளு பண்ணையாளுகிட்ட ராசாங்கம் சொல்லி விட்டான். 'இன்னொருக்கா எங்கப்பா பேரு அந்த வாயில வந்துச்சு, பேரு சொல்ல நாக்கு இருக்காது.' வெறும் பேச்சில்ல சார். அதுக்கு முந்தின வருசந்தான் பக்கத்து ஊர்ல செருப்புப் போட்டு நடந்தான்னு ஒரு பயலோட காலு போச்சு. எங்க காலனி ஆளுக சாயங்காலம் எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னாங்க. 'இருளப்பா, அய்யா தபால்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா வாயில இருந்து என்ன முத்தா கொட்டிரப் போகுது, நாளைக்கு அவன் ஆளக் கூட்டிக்கிட்டு இங்கதான வருவான்'ங்குறாங்க. எங்கப்பா டீயக் குடிச்சாரு. டம்ளரக் கழுவிக் கவுத்தாரு. 'ம்'னாரு. போஸ்ட்மாஸ்டரு கூட சொல்லிப் பாத்தாரு. 'கொஞ்ச நாளைக்கு அந்தத் தெருத் தபால ஆள் இல்லைன்னு எழுதித் திருப்பிரு'ன்னாரு. எங்கப்பா, 'ஆளு இருக்காரே சார்'னாரு.

கேட்டுச்சா கேக்கலையான்னு நமக்கெப்பிடித் தெரியும்? 'ம்'னு சொல்றதுக்குக் காது வேணுமா?

ரெண்டு நாளு மேலத்தெருவுக்குத் தபாலே இல்ல. எங்கம்மா ரெண்டு நாளும் மாரியாத்தாவுக்கு வேண்டிக்கிச்சு, தபாலே வரக் கூடாதுன்னு. போஸ்ட்மேன் பொண்டாட்டி வேண்டிக்கிற வேண்டுதலா அது? மூணாவது நாளு வந்துருச்சு. கோர்ட்டுலேர்ந்து, ரிஜிஸ்டரு. ஆளு கையில குடுத்து கையெழுத்து வாங்கணும், வேற ஆளுகிட்ட குடுக்க மாட்டாரு எங்கப்பா.

எனக்கு எப்பிடித் தெரியும்னா நான் அன்னைக்கு தபால் ஆபீசு வாசல்லயே நின்னேன். பை கட்டும்போது பாத்தேன். எங்கப்பா பூட்ஸக் கழட்டி, ஒரு துணிய எடுத்து மறுபடியும் தொடச்சாரு. காலையில போட்ட பாலீஸு அப்பிடியே இருக்கு, மேல மேல தொடக்கிறாரு. எனக்கு வாய் கோணிக்கிருச்சு. நான் அழுதா கூட சிரிக்கிற மாதிரித்தான் இருக்கும் சார், மூஞ்சி அமைப்பு அப்பிடி.

அவரு மொதல்ல கீழத்தெரு, அப்புறம் கடைத்தெரு, அதுக்கப்புறம்தான் மேலத்தெரு. நான் ஓடை வழியா விழுந்தடிச்சு ஓடினேன். முள்ளு கால்ல குத்துறது கூடத் தெரியல. மேலத்தெரு முக்குல போயி எட்டிப் பாக்குறேன். நின்னானுக. ராசாங்கமும் இன்னும் நாலு பேரும். ஒருத்தன் மடியில அருவா. மடியில வச்சு வேட்டியால மூடியிருக்கான், பிடி வெளிய தெரியுது. தெருவுல ஒரு பொம்பள இல்ல, ஒரு பிள்ளை இல்ல. கதவெல்லாம் சாத்தியிருக்கு. கோழியக் கூட அடைச்சிட்டாங்க சார். அதப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு, இன்னைக்குச் செஞ்சிருவானுக.

என்ன செய்வீங்க நீங்க? ஓடிப்போயி அப்பாவ மறிக்கலாம். மறிச்சா நிப்பாரா? பாலத்துல குண்டு விழும்போது கூட வேலைய நிறுத்தாத ஆளு. போலீஸு ஸ்டேசன் பன்னெண்டு மைலு. அப்பத்தான் சார் எனக்கு மூளை வேலை செஞ்சுச்சு. அஞ்சாப்பு மூளைதான், ஆனா அன்னைக்கு வேலை செஞ்சது மாதிரி என்னைக்கும் செஞ்சதில்ல.

நேரா ஓடிப்போயி ராசாங்கம் கால்ல விழுந்தேன். நெடுஞ்சாண் கெடையா. மூக்குல சாணி. 'அய்யா, அய்யா, பொறுத்துக்குங்க. எங்கப்பனுக்குக் காது டமாரம்ங்கய்யா. பட்டாளத்துல குண்டு வெடிச்சு ரெண்டு காதும் போச்சு. தான் கத்துறது தனக்கே தெரியாதுங்கய்யா. நீங்க சொல்லி விட்டதும் அவரு காதுல விழுகல. மண்டையிலயும் கொஞ்சம் கழண்டுருச்சு, அரைக்கிறுக்கு. வேணும்னு செய்யல, கிறுக்கன் மேல கையி வச்சா உங்களுக்குத்தான் அசிங்கம்'னு ஒரே மூச்சுல கொட்டிட்டேன்.

அவனுக ஒருத்தன ஒருத்தன் பாத்தானுக. நான் விடல. எந்திரிச்சு நின்னு நடிச்சே காட்டுனேன். எங்கப்பா எப்பிடி காதுல கைய வச்சுக்கிட்டு 'ஆங்? ஆங்?'னு கேப்பாரு, எங்கம்மா சோறுன்னா இவரு எப்பிடி செருப்ப எடுத்துக் குடுப்பாரு, எல்லாம் கையிலேர்ந்து போட்டதுதான். ஒருத்தன் சிரிச்சிட்டான். அப்புறம் இன்னொருத்தன். ராசாங்கத்துக்கும் உதடு லேசா பிரிஞ்சுச்சு. எனக்கு அந்த உதடுதான் சார் தெய்வம் மாதிரி இருந்துச்சு. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு நான் ஆடிக்கிட்டே இருக்கேன். 'கேனப்பய மாதிரி பரேடு வேற நடப்பாருங்கய்யா'ன்னு குதிகாலச் சேத்து நின்னு காட்டிக்கிட்டு இருக்கேன்.

பின்னால டக்குன்னு ஒரு சத்தம். சைக்கிள் ஸ்டாண்டு.

திரும்பிப் பாத்தா எங்கப்பா நிக்கிறாரு. கைய நீட்டுனா தொடலாம், அவ்ளோ கிட்டக்க. கையில கவர் இருக்கு. என்னையப் பாத்தாரு. மூக்குல சாணியோட நிக்கிறேன்ல, அதப் பாத்திருப்பாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. அப்புறம் குதிகாலச் சேத்தாரு. 'ப. அழகுமலை'ன்னாரு. சத்தம் கொறையல சார். எப்பவும் போலத்தான். இன்னும் கொஞ்சம் கூடத்தான்.

மடியில வச்சிருந்தவன் கை அருவாப் பிடிக்குப் போச்சு. ராசாங்கம் 'இர்றா'ன்னான். 'நெசமாவே செவிடான்னு பாப்போம். இல்லைன்னு வையி, மொதல்ல இந்தப் பய, அப்புறம் அவன்'னு என்னையக் காட்டுறான்.

எங்கப்பா முதுகுக்குப் பின்னால போனான். ஒரு தகர டப்பா கெடந்துச்சு, அத ஒரு ஒதை ஒதைச்சான். அது செவுத்துல போயி மோதி உருண்ட சத்தம் என் பல்லுல கூசுச்சு. எங்கப்பா திரும்பல. கண்ணு கூட சிமிட்டல. நேரா அழகுமலை வீட்டு வாசல்படியப் பாத்துக்கிட்டு நிக்கிறாரு. அப்புறம் ராசாங்கம் அவரு காதுக்குப் பின்னால வாயக் கொண்டு போயி, மெதுவா, சாதாரணமா பேசுற மாதிரி, எங்கம்மாவப் பத்தி ஒண்ணு சொன்னான்.

அத நான் திருப்பிச் சொல்ல மாட்டேன் சார். நான் எவ்ளோ வாய் பேசுறவன், கெட்ட வார்த்தைக்குக் கடை வைக்கிற அளவுக்கு எங்கிட்ட சரக்கு இருக்கு, ஆனா அது என் வாயில வராது. எங்கம்மா பேரச் சொல்லியே சொன்னான். மூக்கம்மான்னு. அதுக்கு மட்டும் அவனுக்குப் பேரு தெரிஞ்சுச்சு.

நான் எங்கப்பாவையே பாக்குறேன். திரும்பிராத, திரும்பிராதன்னு மனசுக்குள்ள. அவரு திரும்பல. கவர் ஓரம் மட்டும் லேசா ஆடிக்கிட்டு இருந்துச்சு, காத்துக்கு. அன்னைக்குக் காத்து இல்லதான், வேப்பெலை அசையல, ஆனா தெரு முக்குல எப்பவும் கொஞ்சம் வீசும். கழுத்து ரெண்டு பக்கமும் செவந்து போயிருந்துச்சு. வெயிலு.

'பாத்தீங்களாய்யா, கேக்கல பாத்தீங்களா'ன்னு நான் கையத் தட்டிக் கும்பிடுறேன். அவனுக விழுந்து விழுந்து சிரிக்கிறானுக. அருவா வச்சிருந்தவன் கண்ணத் தொடச்சுக்கிட்டே சிரிக்கிறான்.

கெழவரு அழகுமலை வெளிய வந்தாரு. சாத்தின கதவுக்குப் பின்னாலதான் நின்னிருக்கணும், கூப்பிட்டு அவ்ளோ நேரம் கழிச்சு வந்தாரு. 'நாந்தேன்'னாரு. கையெழுத்துப் போட்டாரு. பேனாவத் திருப்பிக் குடுக்கும்போது உதடு அசையாம, எனக்கே பாதிதான் கேட்டுச்சு, 'போயிரு இருளப்பா'ன்னாரு. எங்கப்பா அவரா ஸ்டாண்ட எடுத்துட்டு அவரா கெளம்பிட்டாரு.

அந்த பஞ்சர் ஒட்டுற சொல்யூசன எடுங்க சார், உங்க கால்கிட்ட இருக்கு. அதேதான்.

வீட்டுக்குப் போனா எங்கம்மா அடுப்படியில ஒக்காந்திருக்கு. முதுகக் காட்டிக்கிட்டு எங்கப்பா மொகம் கழுவிக்கிட்டு இருக்காரு. எங்கம்மா குசுகுசுன்னு, 'ஒண்ணும் ஆகலையே'ங்குது. இவரு திரும்பாமலே, 'ஒண்ணும் ஆகல மூக்கம்மா'ங்குறாரு. புருசன் பொண்டாட்டிக்குள்ள அது ஒரு பழக்கம் சார், சொல்லாமயே தெரிஞ்சிரும்.

எனக்கு என்ன வருத்தம்னா, ஒரு வார்த்தை சொல்லல சார். உசுரக் காப்பாத்துனவன் நானு. 'நல்ல வேலை செஞ்சடா பல்தேவ்'னு ஒரு வார்த்தை. இல்ல 'ஏன்டா செஞ்ச'ன்னு ரெண்டு அறையாச்சும். ஒண்ணுமில்ல. மறுநாளு காலையில பூட்ஸுக்குப் பாலீஸு போட்டாரு, போனாரு.

அதுக்கப்புறம் எவனும் அவரத் தொடல. பேரக் கூப்பிட்டாரு, கூப்பிட்டுக்கிட்டே இருந்தாரு. ஊருல செவிட்டுப் போஸ்ட்மேன்னு பேராயிருச்சு. மேலத்தெருவுல அவரு முன்னாடியே என்ன வேணும்னாலும் பேசுவானுக. அவரு ஸ்டாண்டு போட்டதும் வெளையாட்டு மாதிரி ஒருத்தன் வந்து பின்னால நிப்பான், எங்கம்மாவ, எங்க சாதிய, எங்க தாத்தன் பாட்டன. கேக்காதுல்ல, அந்த தைரியம். சின்னப் பிள்ளைக வரைக்கும் பழகிருச்சு. எங்கப்பா நேரா வாசல்படியப் பாத்துக்கிட்டு நிப்பாரு. நாளாக நாளாக எனக்கே நிம்மதியாயிருச்சு. நல்லவேளை, இந்தக் கருமமெல்லாம் இவரு காதுல விழுகாமப் போச்சேன்னு.

அப்பிடியே அவரு ரிடேராகுற வரைக்கும் ஓடுச்சு.

கடைசி நாளு ஆபீசுல சால்வை போத்துனாங்க. மால போட்டாங்க. கார்ல கொண்டுவந்து விடுறோம்னாங்க, இவரு 'சைக்கிள் இருக்கு'ன்னுட்டாரு. அவரு சைக்கிள உருட்டிக்கிட்டுப் போக, நான் மாலையத் தூக்கிக்கிட்டு பின்னாலயே நடந்து வர்றேன். எங்க காலனிக்குத் திரும்பணும், திரும்பல. மேலத்தெருவுக்கு விட்டாரு. பழக்கதோசம்னு நெனச்சேன். பையில்ல, தபாலில்ல.

பெரியவீட்டு முன்னால ஸ்டாண்டு போட்டாரு. குதிகாலச் சேத்தாரு. கெழவரு அப்ப இல்ல, போய்ச் சேந்துட்டாரு. 'அ. ராசாங்கம்'னு கூப்பிட்டாரு.

ராசாங்கம் உள்ளேர்ந்து வந்தான். ஆளு அப்ப தொப்பையும் தொந்தியுமா, பிரசிடெண்டு வேற. வரும்போதே கைய நீட்டிக்கிட்டு வர்றான். எத்தனை வருசமா அந்தச் சத்தத்துக்குக் கைய நீட்டியே பழகுன ஆளு. நீட்டுன கை நீட்டுனபடி நிக்குது. எங்கப்பா அதுல ஒண்ணும் வைக்கல. தெருவுல இருந்த ஆளுக பூராம் பாக்குறாங்க.

எங்கப்பா சொன்னாரு. கத்தல சார். வாழ்க்கையிலயே மொத தடவையா அந்தத் தெருவுல மெதுவா பேசுனாரு. 'தபால் ஒண்ணும் இல்லீங்க. அன்னைக்கு என் முதுகுக்குப் பின்னால நின்னு எஞ் சம்சாரத்தப் பத்தி ஒண்ணு சொன்னீங்கல்ல. அது வந்து சேந்துச்சு. அதச் சொல்லிட்டுப் போலாம்னுதான்.'

ராசாங்கம் கை அப்பிடியே இருந்துச்சு. எறக்கணும்னு அவனுக்குத் தோணல. எங்கப்பா அவன் பின்னால இருந்தவங்களப் பாத்தாரு, அந்தந்த நாள்ல பின்னால வந்து நின்னவனுக எல்லாரும் அங்கதான் இருக்கானுக, இப்ப மீசை நரச்சுப் போயி. 'நீங்க சொன்னதும்தாங்க, எல்லாமே வந்து சேந்துச்சு'ன்னு ஒவ்வொருத்தன் பேரா, இனிசியலோட சொன்னாரு. ஒருத்தனும் நாந்தேன்னு சொல்லல. ஸ்டாண்ட எடுத்தாரு, ஏறிப் போயிட்டாரு. மாலையோட நின்னது நாந்தேன், கிறுக்கன் மாதிரி.

இன்னைக்கு வரைக்கும் எனக்குப் பிடிபடாத விசயம் இதுதான் சார். எவன் போட்டுக் குடுத்திருப்பான்? அன்னைக்கு அங்க நின்னது ராசாங்கமும் அந்த நாலு பேரும். நான் சொல்லல, ஆத்தா மேல சத்தியமா. கெழவர் அழகுமலையச் சந்தேகப்பட்டேன், அவரும் போயிட்டாரு. எங்கம்மாவ ஒருக்கா கேட்டேன், எவனாச்சும் அப்பாகிட்ட சொல்லியிருப்பானான்னு. அது என்னைய ஒரு பார்வை பாத்துட்டு மொளகா கிள்ளப் போயிருச்சு. என் பொண்டாட்டி கூட சொல்லுவா, 'ஒங்கப்பாவுக்குக் காது நல்லாத்தாய்யா கேட்டிருக்கும், நீதான் லூசு'ன்னு. அவளுக்கென்ன தெரியும், அதுக்கெல்லாம் பின்னால வாக்கப்பட்டு வந்தவ.

நீங்களே சொல்லுங்க. படிச்ச ஆளு. ராசாங்கம் மெதுவா சொன்னது அவரு காதுல விழுந்திருக்கும்னா, அதுக்கு முன்னாடி நான் தொண்ட கிழிய சொன்னதும் விழுந்திருக்கணுமா இல்லையா? கை நீட்டுனா தொடுற தூரம். அரைக்கிறுக்குன்னேன், கேனப்பயன்னேன், அவரு மாதிரியே நின்னு காட்டுனேன், அவனுக சிரிக்கச் சிரிக்க. அதெல்லாம் விழுந்திருக்கணும்ல?

விழுந்திருந்தா, அதுக்கப்புறம் சாகுற வரைக்கும் ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம கறி எடுத்தா, அவரு தட்டுல விழுகுற நல்லி எலும்ப எடுத்து, தட்டி, என் தட்டுல போட்டிருப்பாரா?

போட்டாரு சார். ஒரு வாரம் தப்பாம போட்டாரு.

அதனாலதான் சொல்றேன். செவிடுதான் அவரு. சுத்தமா கேக்காது.